பதின்மூன்று வருசத்து முழங்காலும் ஒரு ஸ்கான் றிப்போட்டும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் நான் விளங்கிக்கொண்ட மாதிரிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள். ஊர் தம்பிலுவில், வயது 37. கராத்தேயில் கறுப்புப் பட்டிப் பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, புதிதாகப் போட்ட இறப்பர் விரிப்பில் வலது காலை ஊன்றி இடது காலால் சுழற்றி உதைத்திருக்கிறீர்கள். உடம்பு கிறுகியது, பாதம் கிறுகவில்லை. முழங்காலுக்குள் ‘டக்’ என்று கேட்டது. பொழுது படுவதற்குள் கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. மூன்று கிழமை எண்ணெய்க்கட்டு, பிறகு நடை, பிறகு மறதி. அது நடந்து 13 வருசம். இப்போது வெளிக்கள உத்தியோகம், மோட்டார் சைக்கிள், அதோடு இரண்டு ஏக்கர் வயல் வட்டை. போன மாரியில் வரம்பால் இறங்கும்போது மூன்று தரம் கால் மடங்கி விழப் பார்த்திருக்கிறீர்கள். எம்ஆர்ஐ எடுத்தால் முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற கயிறு முற்றாக அறுந்திருக்கிறது, மெத்தை மாதிரி இருக்கும் உட்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியிலும் கிழிவு என்று வந்திருக்கிறது. வைத்திய நிபுணர் சத்திரசிகிச்சை செய்யலாம் என்கிறார், வீட்டில் கத்தி வைக்க வேண்டாம் என்கிறார்கள். ‘செய்வதா விடுவதா, காலம் கடந்துவிட்டதா’ என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், பின்னேர வகுப்பில் பிள்ளைகளுக்கு உதைத்துக் காட்ட ஏலாமல் கதிரையில் இருந்து சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. வரம்பில் விழாமல் நடப்பது ஒரு தேவை, திரும்பவும் உதைப்பது இன்னொரு தேவை. இரண்டுக்கும் ஒரே பதில் வராது.

நான் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல. பிசியோ என்பார்களே, அந்த இயன்மருத்துவர். மட்டக்களப்பிலும் அதைச் சுற்றியும் 26 வருசமாக முழங்கால்களோடுதான் சீவியம். இளம் வயதில் கபிலப் பட்டி வரை கராத்தே பழகினேன், அதனால் நீங்கள் சொன்ன உதை எனக்குத் தெரியும். உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆகவே கீழே எழுதுவதை, கிளினிக்குக்குப் போகமுன் ஒரு அண்ணனோடு கதைத்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதில் இருந்து தொடங்குவோம். ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் முழங்காலின் நடுவில் கட்டியிருக்கும் ஒரு கயிறு, பாடப் புத்தகத்து மொழியில் ‘இணையம்’ (லிகமென்ட்). கணைக்கால் எலும்பு முன்னுக்கு வழுக்காமலும், பாதம் ஊன்றியிருக்க உடம்பு திரும்பும்போது முழங்கால் அளவுக்கு மிஞ்சித் திருகாமலும் அது பிடித்து வைக்கிறது. நேராக நடக்க, சைக்கிள் மிதிக்க, மாடிப்படி ஏற அதன் தேவை மிகக் குறைவு. அதற்கு வேலை வருவது கிறுகும்போதுதான். திரும்புவதற்கு நாம் சொல்லும் ‘கிறுகுதல்’ என்ற நம்மூர்ச் சொல் இந்த இடத்துக்கு அளந்து தைத்த மாதிரி. ஆகவே நான் யாரிடமும் முதலில் கேட்பது ‘எவ்வளவு நோகுது’ என்றல்ல, ‘ஒரு நாளைக்கு எத்தனை தரம் கிறுகிற வேலை இருக்கு’ என்றுதான்.

எண்ணெய்க்கட்டைப் பற்றி வீட்டில் சண்டை வேண்டாம். முறிவு நெரிவு வைத்தியர்கள் கட்டிய கட்டில் நோவும் வீக்கமும் இறங்கியிருக்கும், காலுக்கு ஓய்வும் கிடைத்திருக்கும். ஆனால் அந்தக் கயிறு மூட்டு நீருக்குள் கிடப்பது. அறுந்த முனைகளுக்கு நடுவே இரத்தம் உறைந்து பாலம் போடுவது அங்கே கடினம். புதுக் காயத்தில் சிலருக்கு அது தானாக ஒட்டுவதை அண்மைக் கால ஸ்கான்கள் காட்டியிருக்கின்றன. 13 வருசத்துக்குப் பிறகும் ‘முற்றாக அறுந்தது’ என்று வந்த உங்கள் விசயத்தில் அதை எதிர்பார்க்க இடமில்லை.

காலம் கடந்துவிட்டதா? இல்லை. பழைய ஏசிஎல்லுக்கு நாற்பதைக் கடந்தவர்களுக்கும் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். அதே காரணத்தால் அவசரமும் இல்லை, ஒரே ஒரு நிலையைத் தவிர. முழங்கால் ஏதோ ஒரு கோணத்தில் இறுகி, நீட்டவே ஏலாமல் பூட்டுப் போட்ட மாதிரி நின்றால், கிழிந்த மெனிஸ்கஸ் துண்டு புரண்டு மூட்டுக்குள் சிக்கியிருக்கலாம். அப்போது எண்ணெய் போட்டு யாரையும் இழுக்க விடாமல், சில நாட்களுக்குள் நிபுணரிடம் போய்விட வேண்டும். அந்தத் துண்டைத் தைத்துக் காப்பாற்றும் வாய்ப்பு, நாள் போகப் போகக் குறையும். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை. எதற்கும் இன்று இரவு கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு குதிக்காலையும் ஒரு தலையணையில் வைத்து, இரண்டு முழங்காலும் ஒரே அளவுக்கு நேராகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அந்த றிப்போட். ‘கிழிவு’ என்ற சொல்லைக் கண்டதும் மனிசருக்கு வயிறு கலங்கும். அமெரிக்காவின் பிராமிங்ஹாம் நகரில் 991 பேரை, முழங்கால் நோவு உண்டா இல்லையா என்று பாராமல் ஸ்கான் செய்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். எல்லாரும் 50 வயதைத் தாண்டியவர்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முழங்காலில் எந்தத் தொல்லையும் இருக்கவில்லை. பின்லாந்தில் செய்த இன்னொன்று 2013இல் வெளிவந்தது. 35 முதல் 65 வயதுக்குட்பட்ட 146 பேர், தேய்மானத்தால் வந்த மெனிஸ்கஸ் கிழிவு. பாதிப் பேருக்குக் கிழிந்த பகுதியை உண்மையாகவே வெட்டி எடுத்தார்கள், மற்றவர்களுக்கு எடுத்த மாதிரி நடித்தார்கள். ஒரு வருசம் கழித்து இரு பக்கமும் ஒரே அளவு சுகம். உங்கள் கிழிவு அடிபட்டதால் வந்ததாக இருக்கலாம் என்பதால் இந்தக் கணக்கை அப்படியே உங்களுக்குப் போட முடியாது. ஆனாலும் மெனிஸ்கஸ் கிழிவு என்ற ஒரு வரிக்காக மட்டும் மேசையில் ஏறாதீர்கள். ஏறத்தான் வேண்டுமென்றால், ‘வெட்டி எடுப்பீர்களா, தைப்பீர்களா’ என்று முதலே கேளுங்கள். மெனிஸ்கஸ் என்ற அந்தப் பிறைவடிவக் கசியிழையம் முழங்காலுக்கு மெத்தை மாதிரி, எடுத்த பகுதி திரும்ப முளைக்காது.

இனி ஏசிஎல்லுக்கு வருவோம். ஆரம்ப காலத்தில் நான், அறுந்ததென்றால் கட்டத்தான் வேண்டும் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியவன். 2010இல் சுவீடனில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. 18 முதல் 35 வயதுக்குட்பட்ட 121 பேர், எல்லாருக்கும் புதுக் காயம். ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை, மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு சத்திரசிகிச்சை. இரண்டு வருசத்தில் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சிக் குழுவில் ஏறத்தாழ பாதிப் பேர் ஐந்து வருசத்துக்குள் கடைசியில் கத்திக்குப் போனார்கள், மற்றப் பாதிக்கு அது தேவைப்படவே இல்லை. அதைப் படித்த பிறகு என் வாய் கொஞ்சம் அடங்கியது.

ஆனால் அது புதுக் காயத்தின் கதை. உங்களுக்குப் பொருந்துவது 2022இல் பிரித்தானியாவில் இருந்து வந்தது. காயம் பழையதாகி, கால் இன்னும் மடங்கிக்கொண்டிருக்கும் 316 பேரைச் சேர்த்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால், சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்கள், முழங்காலின் சுகத்தை அளக்கும் 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 8 புள்ளி மேலே இருந்தார்கள். 8 புள்ளி என்பது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், ஆனால் வேறு மனிசனாக மாறும் அளவுக்கு அல்ல. பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 41 சதவீதம் பேர் இடையில் சத்திரசிகிச்சைக்கு மாறினார்கள், மற்றவர்கள் அந்தக் காலத்துக்குள் கத்தி இல்லாமலே ஓட்டிவிட்டார்கள். ஆகவே ‘பழைய காயம், இன்னும் மடங்குகிறது’ என்றால் தராசு சத்திரசிகிச்சைப் பக்கம் சற்றுச் சாயும். உங்கள் நிபுணர் சொன்னது பிழையான ஆலோசனை அல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும்.

தராசு சாய்வது சராசரிக்கு. ஆட்கள் சராசரியாக வந்து கட்டிலில் படுப்பதில்லை. நாரிப்பிடிப்பு என்று என்னிடம் ஒருவர் வந்தார், வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை வீசுகிறவர், ஐம்பதைத் தாண்டிய வயது. பேச்சுவாக்கில், இளம் வயதில் கோயில் திருவிழாவில் சிலம்படி ஆடும்போது கால் பிசகியதைச் சொன்னார். முழங்காலைச் சற்று மடித்து, ஒரு கையால் தொடையைப் பிடித்து மற்றக் கையால் கணைக்காலை முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன். நல்ல காலில் அந்த இழுவை, கட்டின தோணிக் கயிறு இறுகுவது போல டக்கென்று நிற்கும். இவருடையது சேற்றுக்குள் மரவள்ளிக் கிழங்கை இழுத்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. நான் திகைத்துப் பார்க்க, ‘அது இருவத்தைஞ்சு வருசமா அப்பிடித்தான் கிடக்கு ஐயா, நீங்க நாரியப் பாருங்க’ என்றார். ஆடும் தோணியில் ஒவ்வொரு நாளும் நின்றே அவருடைய தொடைத் தசைகள் கயிற்றின் வேலையைப் பழகிவிட்டன.

மறுபக்கம், ஒரு கராத்தே ஆசிரியை. தொடை இரும்பு மாதிரி, பயிற்சியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மாதம் ஒருதரம் கால் சறுக்கும், இரண்டு நாள் வீங்கும், வற்றும். கலியாணம், தம்பியின் பரீட்சை என்று இரண்டு வருசம் தள்ளிப் போட்டார். ஒரு நாள் பஸ்ஸில் இருந்து இறங்கித் திரும்பிய இடத்தில் முழங்கால் பூட்டிக்கொண்டது. முதல் ஸ்கானில் தைக்கக்கூடியதாக இருந்த மெனிஸ்கஸில் கணிசமான பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. ஏசிஎல்லும் கட்டினார்கள், பதினோராம் மாதம் வகுப்புக்கு வந்தார், இப்போதும் படிப்பிக்கிறார். ஆனால் எதிராளியோடு மோதும் குமித்தேக்கு இறங்குவதில்லை. கால் மடங்கும் ஒவ்வொரு தரமும் உள்ளே மெனிஸ்கஸும் கசியிழையமும் நசுங்குகின்றன. எண்ணிக்கை கூடக் கூட இழப்பும் கூடும்.

நீங்கள் இந்த இருவரில் யார் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மடங்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கயிறு இல்லாமல் எலும்பே விலகிச் சறுக்குவது. பெரும்பாலும் திரும்பும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் நடக்கும், அன்று இரவோ மறுநாளோ வீங்கும். மற்றது, தொடையின் முன்தசை மெலிந்து, படி இறங்கும்போதோ வரம்பால் இறங்கும்போதோ பாரம் தாங்காமல் முழங்கால் தொய்வது. இதில் பொதுவாக வீக்கம் வராது. நீங்கள் சொன்ன மூன்று தரமும் ‘இறங்கும்போது’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், வீங்கியதாக எழுதவில்லை. எனக்குச் சந்தேகம் வருவது அங்கேதான். தையல்காரரின் அளவுநாடா ஒன்றை எடுத்து, முழங்காற் சிரட்டையின் மேல்விளிம்பில் இருந்து 10 சென்ரிமீற்றர் மேலே பேனையால் ஒரு கோடு போட்டு, இரண்டு தொடையையும் சுற்றி அளந்து பாருங்கள். 13 வருசமாக ஒரு காலைப் பாதுகாத்து நடந்தவர்களில் 2, 3 சென்ரிமீற்றர் வித்தியாசத்தைச் சாதாரணமாகக் கண்டிருக்கிறேன். பிறகு ஒரு கதிரையில் இருந்து, கையை ஊன்றாமல், ஒற்றைக் காலால் எழும்பி மெதுவாக இருங்கள். இடது காலால் பத்துத் தரம் முடிந்து, வலது காலால் மூன்றாவதே நடுங்கினால், நீங்கள் இன்னும் சரியான பயிற்சி செய்து பார்க்கவில்லை என்பதுதான் அர்த்தம்.

சரியான பயிற்சி என்றால் கட்டிலில் கிடந்து காலை இருபது தரம் தூக்குவதல்ல. அதைச் செய்துவிட்டு ‘பிசியோ செய்து பார்த்தன், சரிவரேல்ல’ என்று வருகிறவர்கள்தான் அதிகம். கிழமைக்கு மூன்று நாள், மூன்று மாதம், பாரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்: ஒற்றைக்கால் குந்தல், படியில் மெதுவாக இறங்குதல், பின்தொடைக்குத் தனியாக வேலை, அதன் பிறகு குதித்து நிலையாக நிற்றல், கடைசியாகத் திரும்புதல். பாரத்துக்கு ஜிம் வேண்டாம், பாதி உரமூட்டை நெல் போதும். இதில் வீணாவது ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்தும் சத்திரசிகிச்சைக்குத்தான் போகிறீர்கள் என்றால், தசை வலுவோடு மேசைக்குப் போகிறவர் எழும்பி நடப்பதும் நன்றாக இருக்கும்.

இப்போது உதைக்கு வருகிறேன். சத்திரசிகிச்சையில் அறுந்த கயிற்றைத் தைப்பதில்லை, உங்கள் உடம்பிலேயே வேறு இடத்துத் தசைநாண் ஒன்றை எடுத்துப் புதுக் கயிறாகப் போடுகிறார்கள். பெரும்பாலும் பின்தொடையில் இருந்து, அல்லது சிரட்டைக்குக் கீழே இருந்து. சிரட்டைக்குக் கீழே எடுத்தால் முழந்தாளில் இருக்கும்போது நோகலாம். கராத்தேயில் முழந்தாளிட்டு ‘சேசா’ இருப்பவருக்கு அது தொல்லை, தொழுகிறவர்களுக்கும் தொல்லை. பின்தொடையில் எடுத்தால் காலை ஆழமாக மடித்து இழுக்கும் பலம் கொஞ்சம் குறையலாம், கொக்கி உதையில் அது தெரியும். இதை நீங்களாகச் சொல்லாவிட்டால் நிபுணருக்கு எப்படித் தெரியும்? ‘நான் கராத்தே படிப்பிக்கிறனான், முழந்தாளில் இருப்பன், இந்தக் காலைத்தான் ஊன்றுவன்’ என்று வாய் திறந்து சொல்லுங்கள். திருகும் விளையாட்டுகளுக்கு ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பக் கூடாது. புதுக் கயிறு நோவில்லாமல் இருப்பதால் ஆட்கள் ஐந்தாம் மாதமே துள்ளத் தொடங்கிவிடுகிறார்கள், அது உள்ளே இன்னும் முதிராமல் இருக்கும். பல ஆய்வுகளைத் திரட்டி 2014இல் பார்த்த கணக்கில், ஏசிஎல் கட்டியவர்களில் 81 சதவீதம் பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள், பழைய தரத்துக்குத் திரும்பியது 65 சதவீதம், போட்டிக்கு 55 சதவீதம்தான். 24 வயதில் உதைத்த மாதிரி உதைக்கவேண்டும் என்ற ஆசையில் செய்கிறீர்கள் என்றால், இந்த இலக்கங்களை ஒருமுறை மனைவிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சந்தேகத்துக்குரியவை இரண்டு. ‘இப்ப செய்யாட்டி பிறகு முழங்கால் தேய்ஞ்சு போகும்’ என்று பயமுறுத்துவார்கள். ஏசிஎல் அறுந்த முழங்காலுக்குத் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. கட்டினால் அது தடுக்கப்படும் என்பது நிரூபிக்கப்படவில்லை, கட்டியவர்களுக்கும் வருகிறது. மடங்குவதை நிறுத்தினால் மெனிஸ்கஸ் மேலும் கிழிவது குறையும், அதனால் ஓரளவு பயன் இருக்கலாம் என்று நானும் நம்புகிறேன், அது நம்பிக்கை மட்டும்தான். இரண்டாவது, இரத்தத்தில் இருந்து பிரித்துப் போடும் பிளாஸ்மா ஊசி. முற்றாக அறுந்த பழைய கயிற்றை அது ஒட்டவைக்காது, அதற்குக் காசு சேர்க்க வேண்டாம். ஆபத்துகளில், மூட்டுக்குள் கிருமித் தொற்று நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வரும், ஆனால் வந்தால் கடுமை. நம்மூரில் சீனி வருத்தம் இளம் வயதிலேயே தட்டுப்படுவதால், உங்கள் சீனி அளவை இப்போதே பார்த்துவிடுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சீனியோடும் புகையோடும் சத்திரசிகிச்சைக்குப் போவது நல்லதல்ல.

என்னுடைய சாய்வைக் கேட்டால்: இன்றிலிருந்து மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சி, அதில் ஒரு கொப்பியில் கால் மடங்கிய திகதி, என்ன செய்யும்போது, வீங்கியதா என்ற மூன்றும். மடங்குவது நின்றால் வட்டையும் மோட்டார் சைக்கிளும் கத்தி இல்லாமலே நடக்கும், உதையைப் பிள்ளைகளில் மூத்தவன் ஒருவனை வைத்துக் காட்டலாம். தசை ஏறிய பிறகும் திரும்பும்போது சறுக்கி வீங்கினால், தயங்காமல் செய்யுங்கள். அப்படியானால் நாளைக் குறிப்பதில் கவனம். பெரும்போகத்து வெட்டு முடிந்து, பங்குனியில் செய்தால், அடுத்த மாரிச் சேறு வருவதற்குள் ஆறேழு மாதம் காய்ந்த நிலத்தில் பழகலாம். ஐப்பசியில் செய்துவிட்டு, ஊன்றுகோலோடு மழையில் வழுக்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருசச் சிறுபோகத்தைக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டி வரும், மோட்டார் சைக்கிளும் குறைந்தது இரண்டு மாதம் கொட்டிலில் நிற்கும், வேலையிடத்தில் முதலே கதைத்து வையுங்கள். பயிற்சிக்கு ஒழுங்காக வந்துபோக வழி இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். சத்திரசிகிச்சை ஒரு காலைப்பொழுது, அதற்குப் பிறகு பத்து மாதம் பஸ்ஸேற வேண்டியது நீங்கள்தான்.

அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். ஸ்கானின் றிப்போட்டை மட்டுமல்ல, படத்தையும் எடுங்கள். ஜீன்ஸ் உடுத்திக்கொண்டு போக வேண்டாம், சாரம் உடுத்துங்கள். முழங்காலுக்கு மேலே ஜீன்ஸை இழுத்து ஏற்றுவதிலேயே உங்களுக்குக் கிடைக்கும் ஐந்து நிமிசத்தில் பாதி போய்விடும், மற்றக் காலை ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இராது.